மூன்று மாதப் பையனுக்குத் தலை நீளம்: ஆபரேஷன் என்கிறார்கள், கொஞ்சம் பொறுக்கலாமா?

கயல்அம்மா (நெல்லை)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் இரண்டாவது பையனுக்கு மூன்று மாதம் முடியப்போகிறது. பிறந்ததிலிருந்தே தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கிறது. நெற்றி துருத்தும், பின்மண்டை கூராகத் தெரியும். சுகப்பிரசவம், வரும்போது நசுங்கியிருக்கும், போகப்போகச் சரியாகும் என்றார்கள். நாங்களும் விட்டுவிட்டோம். போன வாரம் தடுப்பூசிக்குப் போன இடத்தில் வேறொரு டாக்டர் இருந்தார். உச்சந்தலையில் விரலை வைத்து முன்னிருந்து பின்னாகத் தடவிப் பார்த்தவர், என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். நடு வகிடு எடுக்கும் இடத்தில் நெடுகக் கெட்டியாக ஒரு மேடு. அதுவரை நான் கவனித்ததே இல்லை.

நியூரோ சர்ஜனிடம் அனுப்பினார்கள். உச்சியில் மண்டை எலும்புகள் சேரும் இணைப்பு, சாஜிட்டல் சூச்சராம், அது மூடிவிட்டது, இதற்கு கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று பெயர் என்றார். நான்கு மாதத்துக்குள் என்றால் சின்னதாக இரண்டு இடத்தில் கீறி எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் விட்டுச் செய்து, அப்புறம் ஹெல்மெட் போடலாமாம். தள்ளிப்போட்டால் பெரிய ஆபரேஷன்.

வீட்டில் எல்லோரும் எதிர்ப்பு. பிள்ளைக்குக் குளிக்க ஊற்றும் ஆச்சி, “எத்தன தலைய உருட்டி எடுத்திருக்கேன், ஒரு மண்டலம் குடு தாயி” என்கிறார். அத்தை கடுகுத் தலையணை தைத்து வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு வயசு வரைக்கும் பார்ப்போம் என்கிறார். பையன் நன்றாகப் பால் குடிக்கிறான், முகம் பார்த்துச் சிரிக்கிறான். இப்படி இருக்கிற பிள்ளையின் மண்டையைத் திறக்க நான் கையெழுத்துப் போட வேண்டுமா?

ஜோதி_கரூர்

கவலையே வேண்டாம் சிஸ்டர். என் மகளுக்கும் பின்மண்டை ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. குப்புறக் கவிழ ஆரம்பித்ததும் தானாகச் சரியாகிவிட்டது. டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள்.

நொய்யல்கரை

ஜோதி மேடம், உங்கள் மகளுக்கு இருந்தது வேறு, கயல்அம்மா சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் இரண்டு பக்கமும் ஆபத்து. சப்பைத் தலைக்குப் பயந்து ஸ்கேனுக்கு ஓடுகிறவர்களும் உண்டு, மூடிய சூச்சரைச் சப்பைத் தலை என்று நினைத்து ஒரு வருடத்தைத் தொலைப்பவர்களும் உண்டு.

குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்னது 1992-ல். தூக்கத்திலேயே திடீரென்று சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே அதற்குப் பிறகு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கூடவே வந்த பக்க விளைவுதான் சப்பைத் தலை. ஒரே பக்கம் படுத்தே கிடக்கும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் தட்டையாகும். தலைக்கு நேர் மேலே நின்று பார்த்தால் தெரிந்துவிடும்: தட்டையான பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருக்கும், அந்தப் பக்கத்து நெற்றியும் முன்னால் வந்திருக்கும், மொத்தத் தலையும் ஒரு இணைகரம். எலும்பில் கோளாறு கிடையாது. முழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுவது, படுக்கையில் தலைமாட்டை மாற்றுவது, கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருந்தால் பிசியோ. பெரும்பாலும் இதுவே போதும். இதற்கும் ஹெல்மெட் விற்கிறார்கள். நெதர்லாந்தில் ஹெல்மெட் போட்ட குழந்தைகளையும் போடாத குழந்தைகளையும் ஒப்பிட்டு 2014-ல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு வயதில் முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் குழுவில் நூற்றுக்கு 26, சும்மா விட்ட குழுவில் 23. நடுத்தரமான சப்பைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கட்டலாம்.

கயல்அம்மா பையனுக்கு அப்படியில்லை. பிறக்கும்போது மண்டை ஓடு ஒரே எலும்பு கிடையாது. தனித்தனித் தகடுகள், நடுவில் சூச்சர் என்கிற இணைப்புகள். மூளை முதல் வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வளர்கிறது. அது உள்ளிருந்து தள்ளத் தள்ள, அந்த இணைப்பு ஓரங்களில் புது எலும்பு வைத்து மண்டை விரிகிறது. ஓர் இணைப்பு முன்கூட்டியே எலும்பாக ஒட்டிக்கொண்டால் அதற்குக் குறுக்கே வளர முடியாது, நீளவாக்கில்தான் வளரும். ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ 1851-லேயே சொன்ன விதி இது. உச்சியில் முன்பின்னாக ஓடும் சாஜிட்டல் மூடினால் அகலம் நின்றுபோய், தலை நீண்டு படகு வடிவமாகிறது. உங்கள் விரலில் பட்ட மேடு, அங்கே ஒட்டிப்போன எலும்பு.

ஆச்சி உருட்டுவது பற்றி. பிறந்த புதிதில் பிரசவத்தில் நசுங்கிய தலை தானாகவே உருண்டையாகும், பேர் ஆச்சிக்குப் போகும். ஒட்டிப்போன எலும்பை எந்தக் கையும் பிரிக்க முடியாது. அழுத்தினால் பிள்ளைதான் அழும். கடுகுத் தலையணையை எடுத்துவிடுங்கள். இதற்குப் பயன்படாது என்பது மட்டுமில்லை, ஒரு வயதுக்குள் தலையணை எதுவுமே மூச்சுக்கு ஆபத்து.

என் மகளுக்கு நெற்றிப் பக்கத்து ஒரு சூச்சர் மூடியிருந்தது. ஒன்பது மாதத்தில் பெரிய ஆபரேஷன். அவளுக்கு இப்போது எட்டு வயது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

செந்தில்_அப்பா

ஒரு சந்தேகம் சார். உச்சிக்குழி திறந்திருந்தால் மூடவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் பாப்பாவுக்குத் தலை கொஞ்சம் நீளம்தான், ஆனால் உச்சிக்குழி நன்றாகத் துடிக்கிறது.

நொய்யல்கரை

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது தம்பி. உச்சிக்குழி என்பது சூச்சர்கள் சந்திக்கும் முனை. நடுவில் சூச்சர் மூடியிருக்கும், முன்முனை திறந்தே இருக்கும். சாஜிட்டல் குழந்தைகள் நிறையப் பேருக்கு உச்சிக்குழி திறந்திருந்ததால்தான் தாமதமாகத் தெரிகிறது. அதே போல உச்சிக்குழி கொஞ்சம் சீக்கிரம் மூடியதை வைத்து மட்டும் பயப்படவும் வேண்டாம். மேடு தட்டுப்படுகிறதா, வடிவம் மாதாமாதம் கூடுகிறதா என்று பாருங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

நெற்றி நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு தட்டுப்பட்டால் உடனே பதறாதீர்கள். மெட்டோபிக் என்கிற அந்த ஒரு சூச்சர் மட்டும் மூன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் இயல்பாகவே மூடுவது. வெறும் கோடு இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மேலிருந்து பார்க்கும்போது நெற்றி முக்கோணமாகி, கண்கள் நெருங்கி, இரண்டு பக்க நெற்றிப்பொட்டும் குழிந்திருந்தால்தான் கவனிக்க வேண்டியது.

கணக்குப்பிள்ளை

கொஞ்சம் கசப்பான கேள்வி, மன்னிக்கவும். பையன் சிரிக்கிறான், பால் குடிக்கிறான். அப்படியென்றால் இது அழகுக்கான ஆபரேஷன்தானே? மூளை வளராது என்று சொல்லிப் பெற்றோரை மிரட்டிக் கையெழுத்து வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சூச்சர் மூடியவர்கள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகப் படித்து வேலைக்குப் போனதில்லையா?

நொய்யல்கரை

நல்ல கேள்விதான். நானும் இதையேதான் எங்கள் சர்ஜனிடம் கேட்டேன். அவர் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னதால்தான் அவரிடமே செய்தோம்.

ஒரே ஒரு சூச்சர் மூடினால் மூளை வளராமல் போகாது. அது வேறு பக்கம் இடம் தேடிக்கொள்கிறது, அதனால்தான் வடிவம் மாறுகிறது. ஆபரேஷன் செய்யாத எத்தனையோ பேர் நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள். ஏதென்ஸை ஆண்ட பெரிக்ளிசுக்கு ஏடாகூடமாக நீண்ட தலை, அதனால்தான் சிற்பிகள் அவரை எப்போதும் தலைக்கவசத்தோடே செதுக்கினார்கள் என்று பழைய கதை ஒன்று உண்டு. அவருடைய மூளைக்கு என்ன குறை?

ஆனால் அதோடு முடியவில்லை. ஒற்றைச் சூச்சர் குழந்தைகளிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பல சூச்சர் மூடினால் இன்னும் நிறைய. அந்த அழுத்தம் பெரும்பாலும் சத்தமே போடாது. பிள்ளை சிரித்துக்கொண்டேதான் இருக்கும். கண் நரம்பில் வீக்கம் வந்து, பார்வை மங்கிய பிறகு தெரிந்தால் போனது திரும்பாது. யாருக்கு அழுத்தம் வரும், யாருக்கு வராது என்று மூன்று மாதத்தில் சொல்ல வழியில்லை. ஆபரேஷன் செய்தால் புத்தி கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி நிரூபணம் கிடையாது. இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு, கவனம், படிப்பில் சராசரியாகச் சின்ன வித்தியாசங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது மூடிய எலும்பாலா, எலும்பை மூட வைத்த அதே காரணத்தாலா என்று பிரிப்பது கஷ்டம்.

அழகு என்று நீங்கள் ஒதுக்குகிற பகுதியையும் நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆறாம் வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் பசங்களுக்கு மருத்துவ விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முகமே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு கண் மேலேறி இருக்கும் என் மகள் மாதிரிப் பிள்ளைக்கு அது வெறும் அழகு விஷயமும் இல்லை. மாறுகண் வரை கொண்டுபோகும்.

ஆக, “செய்யாவிட்டால் மூளை போய்விடும்” என்பவரும் மிகைப்படுத்துகிறார், “வெறும் அழகுக்கு” என்பவரும் மிகைப்படுத்துகிறார். நடுவில் நின்றுதான் முடிவெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் எடுத்தோம்.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன், முக்கால்வாசி. அப்படியானால் ஒரு வயதுவரை பார்க்கலாம் என்று கயல்அம்மா வீட்டுக்காரர் சொல்வதில் என்ன தப்பு?

ஸ்டெத்_சேலம்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். நான் மயக்க மருந்து டாக்டர், இந்த ஆபரேஷன்களில் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறவள்.

காத்திருப்பது என்பதே ஒரு தேர்வுதான், இங்கே அதற்கு விலை உண்டு. நோய் முற்றுவதைவிட முக்கியம், எந்த ஆபரேஷன் கைக்கெட்டும் என்பதை வயதுதான் தீர்மானிக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் எலும்பு மெல்லிசு, வளையும். அமெரிக்காவில் ஹிமெனெஸ், பரோன் என்ற இரண்டு பேர் 1998-ல் வெளியிட்ட முறை: உச்சியில் இரண்டு சின்னக் கீறல், எண்டோஸ்கோப் வழியாக மூடிய எலும்புப் பட்டையை எடுத்துவிடுவது. வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரம், ரத்த இழப்பு குறைவு, நிறையப் பிள்ளைகள் மறுநாளோ அடுத்த நாளோ வீட்டுக்குப் போகிறார்கள். அதன் பிறகு மூளையின் வளர்ச்சியே தலையை அகலப்படுத்துகிறது, ஹெல்மெட் அதற்கு வழி காட்டுகிறது. ஆறு மாதம் தாண்டினால் எலும்பும் தடிக்கும், மூளையின் வேகமும் குறையும், இந்த முறையில் பலன் தேறாது. அப்போது திறந்த ஆபரேஷன்தான். காதிலிருந்து காதுவரை கீறி, மண்டை ஓட்டைத் துண்டுகளாக எடுத்து, வெட்டி வளைத்து, திரும்பப் பொருத்துவது. பல மணி நேர வேலை. அதையும் ஒரு வயதுக்குள் செய்தால் நடுவில் விட்ட இடைவெளிகளில் எலும்பு தானாக நிரம்பிவிடும். ஒன்றரை, இரண்டு வயதுக்குப் பிறகு அந்தச் சக்தி குறைகிறது, ஓட்டைகள் ஓட்டைகளாகவே நின்றுவிடலாம்.

திறந்த ஆபரேஷனில் என் கவலை எல்லாம் ரத்தம். பிள்ளையின் உடம்பில் இருப்பதே எடையில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி. ஆறு கிலோ பிள்ளை என்றால் 480 மில்லி. நம் ஊர் அரை லிட்டர் பால் பாக்கெட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு, உடம்பு மொத்தத்துக்கும் அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 100 மில்லி போனால் கண்டுகொள்ள மாட்டோம், இங்கே அது ஐந்தில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு இரண்டு மூன்று மாத வயதில்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹீமோகுளோபின் இயல்பாகவே அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அதனால் கீறுவதற்கு முன்பே ரத்தம் அறைக்குள் வந்திருக்க வேண்டும், இரண்டு கையிலும் தடிமனான ஊசி ஏறியிருக்க வேண்டும். டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்து கொடுப்பதால் இப்போது ரத்த இழப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கப் போடுகிறார்களே, அதே மருந்து. எலும்பில் திறந்த சிரைகள் வழியாகக் காற்று உள்ளே இழுபடும் அபாயமும் உண்டு, அதற்கும் கண் வைத்திருப்போம். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்யும் இடங்களில் உயிருக்கு ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் நன்றாகக் கீழே. அடிக்கடி செய்யாத இடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “வருஷத்துக்கு எத்தனை பிள்ளைக்குச் செய்கிறீர்கள்?” கூச்சப்படாதீர்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று. அப்பாக்கள் கையை நீட்டிக்கொண்டு வருவார்கள், “என் ரத்தத்தையே ஏத்துங்க டாக்டர்” என்று. பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் ரத்தத்தை அப்படியே ஏற்ற மாட்டோம். நெருங்கிய சொந்தத்தின் வெள்ளணுக்களைப் பிள்ளையின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடும், அவை தங்கிப் பிள்ளையின் உடம்பையே தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் தப்புவது கடினம். கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் என்றால் அந்த ஆபத்து இல்லை. அப்பா பிளட் பேங்குக்குத் தாராளமாகக் கொடுக்கட்டும், அது வேறு யாருக்காவது போகும்.

கயல்அம்மா (நெல்லை)

டாக்டரம்மா, நொய்யல்கரை அண்ணா, ரொம்ப நன்றி. வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். பால் பாக்கெட் கணக்கைக் கேட்டு முகம் மாறிவிட்டது அவருக்கு. சி.டி. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கதிர்வீச்சு பிள்ளைக்கு ஆகுமா? மயக்கம் கொடுப்பார்களா?

ஸ்டெத்_சேலம்

சாஜிட்டலைப் பெரும்பாலும் கையால் தொட்டும் கண்ணால் பார்த்துமே சொல்லிவிடலாம். சி.டி. ஆபரேஷனுக்கு வரைபடம் மாதிரி, வேறு சூச்சரும் மூடியிருக்கிறதா என்று உறுதி செய்யவும்தான். ஒரு தடவை, குழந்தைக்கான குறைந்த அளவில் எடுத்தால் போதும். சும்மா பார்க்கலாம் என்று திரும்பத் திரும்ப எடுப்பதை மறுக்கலாம். மூன்று மாதப் பிள்ளைக்கு மயக்கம் தேவைப்படாது, பசியோடு கொண்டுபோய் அங்கே பால் கொடுத்துத் துணியில் இறுக்கிச் சுற்றினால் தூங்கிவிடும், சில நொடி வேலை.

தேம்ஸ்_ஓரம்

நான் இங்கிலாந்திலிருந்து. எங்கள் மகனுக்கும் சாஜிட்டல். இங்கே லண்டன், பர்மிங்காம், ஆக்ஸ்ஃபோர்ட், லிவர்பூல் என்று நாலு இடத்தில் மட்டும்தான் இதற்கான மையங்கள், நாடு முழுவதும் அங்கேதான் அனுப்புவார்கள். ஆரம்பத்தில் “இவ்வளவு தூரம் போகணுமா” என்று எரிச்சல் வந்தது. டாக்டரம்மா சொன்ன “வருஷத்துக்கு எத்தனை” என்ற கேள்வியின் பதில்தான் அது என்று பிறகு புரிந்தது.

எங்களுக்கு ஸ்பிரிங் வைத்தார்கள். ஸ்வீடனில் லௌரிட்ஸன் என்ற சர்ஜன் 1997-ல் ஆரம்பித்த முறை. உச்சியில் மூடிய எலும்பை நடுவில் அறுத்து, வளைத்த எஃகுக் கம்பிகளை இரண்டு பக்கமும் தள்ளுகிற மாதிரி மாட்டிவிடுவார்கள். அது மெல்ல மெல்ல அகலப்படுத்தும். ஹெல்மெட் இல்லை. ஆனால் சில மாதம் கழித்து ஸ்பிரிங்கை எடுக்க இரண்டாவது சின்ன ஆபரேஷன் உண்டு. தோலுக்கடியில் கம்பி விரலில் தட்டுப்படும். தலை துவட்டும்போது மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். இந்தியாவில் எங்கே செய்கிறார்கள் என்று நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

மலர்விழி_எம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அக்கா பையனுக்குத் தலை சின்னது, மைக்ரோகெஃபலி என்கிறார்கள். இரண்டு வயது, நடக்கவில்லை. எலும்பைத் திறந்துவிட்டால் மூளை வளருமா? ஒரு டாக்டர் முடியாது என்று கைவிரித்துவிட்டார். வேறு இடம் பார்க்கலாமா?

ஸ்டெத்_சேலம்

மலர்விழி, கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும். அந்த டாக்டர் கைவிரிக்கவில்லை, சரியானதைத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் அக்கா பையனுக்கு மண்டை சின்னதானதால் மூளை நிற்கவில்லை. மூளை வளராததால் மண்டை சின்னதாக நின்றுவிட்டது. மண்டையை விரிக்கிற சக்தியே மூளைதான்.

இதை ஒரு காலத்தில் மாற்றிப் புரிந்துகொண்டு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. 1890 வாக்கில் பாரிஸில் லன்லோங், சான்பிரான்சிஸ்கோவில் லேன் என்ற இருவர் மண்டையில் எலும்புப் பட்டைகளை எடுக்க ஆரம்பித்தார்கள். உடனே அது பரவியது. மைக்ரோகெஃபலி பிள்ளைகளையெல்லாம் மேசையில் கிடத்தினார்கள், நிறையப் பிள்ளைகள் இறந்தன, பிழைத்தவர்களுக்கும் புத்தி கூடவில்லை. 1894-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் மூத்தவரான ஜேக்கபி பகிரங்கமாகக் கண்டித்த பிறகு அந்த அலை ஓய்ந்தது. உண்மையிலேயே ஆபரேஷன் தேவைப்பட்ட குழந்தைகளுக்கும் அதனால் கதவு பல காலம் சாத்தியே கிடந்தது. அதை அகலத் திறந்தவர் பாரிஸின் டெசியே, 1960-களில். முகத்தையும் மண்டையையும் ஒன்றாகத் திறந்து மாற்றியமைக்க முடியும் என்று அவர்தான் காட்டினார்.

ஆபரேஷன் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் நகையை அடகு வைக்காதீர்கள். பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது கண் சோதனை, வலிப்பு இருந்தால் அதற்கு மருந்து. அந்தப் பணம் அங்கே போகட்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், அங்கே இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

யாழினி_அம்மா

நான் இந்த இழையை அழுதுகொண்டேதான் வாசித்தேன். என் மகளுக்கு ஏபெர்ட் சிண்ட்ரோம். நெற்றிக்குக் குறுக்கே ஓடும் சூச்சர் இரண்டு பக்கமும் மூடி, கண்கள் துருத்தி, கைவிரல்கள் எல்லாம் ஒட்டிப் பிறந்தாள். எங்களுக்கு ஒரு ஆபரேஷனோடு முடியவில்லை. முதலில் பின்மண்டையை விரித்தார்கள், அப்புறம் விரல் பிரிப்பது தவணை தவணையாக, இனி நடுமுகத்தை முன்னால் இழுக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கத்தியைவிட வீட்டார் வாய்தான் வலித்தது. கிரகணத்தன்று நான் வெளியே போனேனாம், காய் நறுக்கினேனாம். அப்புறம் சொந்தத்தில் கட்டியதால் என்றார்கள். ஜெனெடிக்ஸ் டாக்டர் என் மாமியாரையே கூட்டிவரச் சொல்லி உட்கார வைத்து விளக்கினார். எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற ஒரு மரபணுவில் ஓர் எழுத்து புதிதாக மாறியதால் வருவது இது. பெற்றோர் இருவருக்கும் கிடையாது. அந்தப் புது மாற்றம் ஏறக்குறைய எப்போதுமே அப்பாவின் விந்தணுவில் நடக்கிறதாம், அப்பாவுக்கு வயது கூடக் கூட வாய்ப்பும் கொஞ்சம் கூடுமாம். சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தால் பாதிக்குப் பாதி. மாமியார் வெளியே வந்து ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து கிரகணப் பேச்சு நின்றது.

கயல்அம்மா, உங்கள் பையனுக்குக் கை, கால் விரல், கண், அண்ணம் எல்லாம் பார்த்துவிட்டார்களா? ஒரு சூச்சர் மட்டும், வேறு எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் தெரியாமல் தனியாக வருவதுதான். யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் என் பதிவைக் காட்டுங்கள்.

நொய்யல்கரை

யாழினி அம்மா, நீங்கள் எழுதியதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன பார்ப்பீர்கள் என்று கயல்அம்மாவுக்குச் சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரிய ஆபரேஷன் என்றால் ஐ.சி.யூ.வில் பார்க்கும்போது பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் முகம் வீங்க ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் இரண்டு கண்ணும் முழுசாக மூடிக்கொள்ளும், இமை பளபளவென்று ஊதிப்போய், உங்கள் பிள்ளை என்றே தெரியாது. கண் தெரியாததால் பயந்து அழும். எங்கள் மகள் என் சட்டைப் பித்தானைத் தடவித் தடவித்தான் அப்பா என்று கண்டுபிடித்தாள். பேசிக்கொண்டே இருங்கள், பாடுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் ஒரு கண் கீற்றாகத் திறக்கும், அப்புறம் மளமளவென்று வடிந்துவிடும். எண்டோஸ்கோப்பியில் இவ்வளவு வீக்கம் இருக்காது.

தழும்பு நேர்கோடாக இருக்காது, வளைந்து வளைந்து போகும்படி வேண்டுமென்றேதான் கீறுகிறார்கள். நேர்கோடு என்றால் தலை நனையும்போது முடி பிளந்து தெரியும். எலும்புத் துண்டுகளைப் பிடித்துவைக்க உள்ளே பிளேட் வைத்தால் பழைய நாள் மாதிரி டைட்டானியமா, கரையக்கூடியதா என்று கேட்டுவிடுங்கள். வளரும் மண்டையில் உலோகம் மெல்ல உள்பக்கமாகப் போய்விடும் என்பதால் இப்போது கரையும் பிளேட்தான் வைக்கிறார்கள், ஒன்றிரண்டு வருடத்தில் மறைந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்தால் கதை முடிந்தது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வருடா வருடம் கண் டாக்டரிடம் நரம்பு வீக்கம் பார்க்க வேண்டும், பள்ளி போகும் வயது வரைக்கும். சிலருக்கு மறுபடி அழுத்தம் வரும்.

கயல்அம்மா (நெல்லை)

நல்ல செய்தி. தேதி குறித்தாகிவிட்டது, எண்டோஸ்கோப்பிதான். விரல், கண், அண்ணம் எல்லாம் பார்த்தார்கள் யாழினி அம்மா, வேறு ஒன்றும் இல்லை. ஆச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் பிள்ளைக்குக் குளிக்க ஊற்ற இன்னும் வருகிறார். தலையை மட்டும் தொடுவதில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. முதல் மொட்டை குலதெய்வத்துக்கு என்று நேர்ந்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் சிரைத்துவிட்டால் என்ன செய்வது என்று அத்தைக்கு ஒரே கவலை. அப்புறம் இந்த ஊர் வெயிலில் ஹெல்மெட் எப்படி?

வார்டு_சிஸ்டர்

மொட்டை பற்றி நான் சொல்கிறேன், குழந்தைகள் அறுவை வார்டில் வேலை. இப்போது முழுசாகச் சிரைக்க வேண்டிய அவசியம் இல்லை. நிறைய சர்ஜன்கள் கீறும் இடத்தில் மட்டும் கத்தரிப்பார்கள். மருந்து போட்டுக் கழுவி, முடியை ஒதுக்கிச் செய்கிறவர்களும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்டிய முடி வேண்டுமென்றால் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவோம், இதை எல்லா வாரமும் யாராவது கேட்கிறார்கள். கோயிலில் மொட்டை போடுவது காயம் முழுக்க ஆறி, சர்ஜன் சரி சொன்ன பிறகு. நாவிதரிடம் தழும்பைக் காட்டி மெதுவாகப் போகச் சொல்லுங்கள். காதுகுத்தையும் அதோடு வைத்துக்கொள்ளலாம், இப்போது அவசரப்பட வேண்டாம்.

அன்று காலை சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப்போகும் என்று பயந்து சொல்லாமல் விடுகிறார்கள், மயக்கத்தில் மூச்சுக்குழாய் இறுகிப்போகும். தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்னால் நிறுத்துங்கள், பவுடர் பால் என்றால் ஆறு மணி நேரம். அழுகிறதே என்று பாட்டி யாராவது தெரியாமல் ஒரு சங்கு பால் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை_ஹெல்மெட்_அம்மா

ஹெல்மெட்டுக்கு நான். ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே தலையை ஸ்கேன் செய்து அளவெடுப்பார்கள். ஹெல்மெட் செய்பவரை இப்போதே பார்த்துப் பேசிவிடுங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் தேடினால் நல்ல வாரங்கள் வீணாகும். ஒரு நாளைக்கு 23 மணி நேரம், குளிக்கும்போதும் துடைக்கும்போதும் மட்டும் கழற்றலாம். ஏறக்குறைய ஒரு வயது வரை. தலை வளர வளர மாற்ற வேண்டிவரும், அதையும் விலையில் சேர்த்துக் கேளுங்கள்.

வெயில் முதல் வாரம்தான் கஷ்டம். வேர்த்து ஊற்றும், நாற்றமும் வரும், யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். மெல்லிய பருத்திச் சட்டை, ஃபேன் காற்று, தினமும் உள்பக்கம் துடைத்துக் காய வைப்பது. தலைக்கு எண்ணெய், பவுடர் இரண்டும் கூடாது. எண்ணெய் ஊறினால் தோல் உரசிப் புண்ணாகும். கழற்றிய பிறகு தோல் கொஞ்சம் சிவந்திருந்தால் பரவாயில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் அந்தச் சிவப்பு போகவில்லை என்றால் அங்கே அழுத்துகிறது, மறுபடி மாட்டாமல் அன்றே கொண்டுபோய்த் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். தெருவில் எல்லோரும் கீழே விழுந்துவிட்டானா என்றுதான் கேட்பார்கள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.